நுரையீரலுக்குள் வெள்ளம்

எரிகிற வீடுகளுக்கெல்லாம் ஆயுள் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சியடித்த தீயணைப்பு வீரர், இப்போது ஒரு மடக்குத் தண்ணீருக்காக மனைவியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். புகை தின்று கருகிப்போன நுரையீரல்களை எடுத்துவிட்டு, யாரோ தானம் தந்ததை முந்தாநாள்தான் பொருத்தியிருந்தார்கள். முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடி. "சாயங்காலத்துக்குள்ள மூச்சு தேறலன்னா மறுபடியும் தொண்டையில குழாய்தான்" என்று டாக்டரம்மா காலையிலேயே சொல்லியிருந்தார்.

"ஒரே ஒரு மடக்கு குடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

அவர் கேட்டு இல்லையென்று சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு. மனசு கேட்கவில்லை. கைப்பையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினாள். திரும்பினால், வாசலில் டாக்டரம்மா.

"ஏம்மா, அவரை மூழ்கடிக்கப் பாக்குறீங்களா?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் விடவில்லை. "புது உறுப்ப உடம்பு எதிர்க்கக் கூடாதுன்னுதான் மருந்து குடுக்குறீங்களே டாக்டர். அப்புறம் ஏன் இன்னும் மூச்சு தேறல?"

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். கறுப்பாக இருக்கவேண்டிய நுரையீரல், பஞ்சு அடைத்தாற்போல வெள்ளையாக இருந்தது. "அந்த மருந்து, ஆள் பாத்துச் சண்டை போடுற படைக்கு. இது வேற கூட்டம். பிறவியிலேயே இருக்கிற முதல் காவல். நம்மாளா அயலானான்னு விசாரிக்கவே விசாரிக்காது. பாவம், அந்த நுரையீரல் ரத்தமில்லாம குளிர்ல கிடந்திருக்கு. மறுபடி ரத்தம் பாஞ்சதும் ஒரு கூப்பாடு போட்டிருக்கும். உடனே வெள்ளை அணுக்கள் விழுந்தடிச்சு ஓடிவந்து, காப்பாத்துறேன் பேர்வழின்னு ரத்தக்குழாய்ச் சுவரையே ஓட்டையாக்கிடுச்சு. இதுல வெள்ளையா தெரியுறது அப்படிக் கசிஞ்ச தண்ணிதான். இப்ப நீங்க குடுக்குறதும் நேரா அங்கதான் கசியும்."

முகமூடிக்குள்ளிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு.

"எங்க ஸ்டேஷன் பசங்களேதான் டாக்டர்! ஒரு வீட்ல சட்டி பத்திக்கிச்சு... நாங்க போய்க் கதவ உடைச்சு... மாடி முழுக்க வெள்ளம். வீட்டுக்காரம்மா தீயத் திட்டல. எங்களத்தான் திட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறமென்ன, தண்ணிய நிறுத்திட்டு வந்துட்டோம். வீடு தானா காஞ்சுது."

"இங்கயும் அந்தக் கூட்டம் கலையணும். அதுவரைக்கும் நீங்க தண்ணி ஊத்தாதீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "பாட்டில வெளிய கொண்டுபோ. நான் அழுதாலும் குடுக்காத."

மதியம் அவர் கேட்டார். கொஞ்சினார். மூச்சு வாங்க வாங்க அவள் பிறந்த வீட்டையே இழுத்துத் திட்டினார். அவள் அசையவில்லை. இல்லையென்று சொல்வதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று யாரும் அவளுக்குச் சொன்னதே இல்லை.

சாயங்கால எக்ஸ்ரேயில் வெள்ளை பாதி கலைந்து, கறுப்பு எட்டிப் பார்த்தது. குழாய் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஒரே ஒரு துண்டு ஐஸுக்கும் அனுமதி தந்தார். அவள் முகமூடியை விலக்கி, அதை அவர் நாக்கில் வைத்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

அவர் கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தினார்.

"பேசாத. குடிச்சிட்டிருக்கேன்."