கழுத்துப் பலகை

என் மகள் கயலுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். கெஞ்சியும் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். தொண்டைத்தண்ணி வற்றியதுதான் மிச்சம். அவள் வாயால் ஒரு தடவை "அம்மா, பசிக்குது" என்று கேட்க மாட்டோமா என்று அமெரிக்காவில் இந்த ஆலன் ஊரில் நான் ஏங்காத நாளில்லை.

அவள் பள்ளியில் லத்தீனும் ஒரு பாடம். டெக்ஸாஸில் அது எதற்கு என்று கேட்டால், "வெக்காபுலரிக்கு ஹெல்ப் பண்ணும், வசந்தா" என்பார் என் வீட்டுக்காரர். நல்லா பண்ணிச்சு!

போன வாரம் அங்கே பழங்காலத்து லத்தீன் வகுப்பு மாதிரியே நடத்தினார்கள். அந்தக் காலத்தில் இலக்கணம் படித்த பிள்ளைகள் தாய்மொழி பேசினால் பிரம்படியாம். இங்கே அடித்தால் போலீஸ் வந்துவிடுமே, அதனால் கழுத்தில் ஒரு மரப்பலகை; அடுத்து பேசி மாட்டுகிற பிள்ளைக்கு அது கைமாறும். வெள்ளிக்கிழமை அது யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்குப் பீட்ஸா கிடையாது. வீட்டிலும் இதே சட்டம். வேவு பார்க்க ஆளுக்கொரு பிள்ளை வேறு. அதற்கு அப்போதே 'ஓநாய்' என்று பெயராம். கயலுக்கு வாய்த்த ஓநாய், பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுக்கே வரும் எதிர்வீட்டு அனன்யா.

திங்கள் சாயங்காலம் தோசைத் தட்டைக் காட்டி கயல் லத்தீனில் ஏதோ ஆரம்பித்தாள். இரண்டு சொல்லுக்கு மேல் ஓடவில்லை. அனன்யாவோ கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் திருதிருவென்று விழித்தாள்.

"அம்மா... சட்னி காரம். தண்ணி குடு."

ஐயோ, என் தங்கமே! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதன்பின் தினமும் பேசினாள். செருப்பு கடிக்குது என்றாள், மழை வருது என்றாள், "ஏம்மா அழுவுற?" என்றாள். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

வியாழக்கிழமை எனக்குத் திக்கென்றது. அனன்யா போட்டுக்கொடுத்தால் இவள் வாயை மூடிக்கொள்வாளே? என் வாய் சும்மா இருந்ததா!

"தாய்மொழி பேசினா பலகை மாட்டுவாங்களே கண்ணு, நீ தமிழ் பேசறியே?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அது உன் தாய்மொழிம்மா" என்றாள் கயல். "என்னோடது இல்லையே."

ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூடக் கலக்காமல் சொன்னாள். திட்டலாமா, அழலாமா என்றே தெரியவில்லை. ஆனால் விடிந்தால் வெள்ளிக்கிழமை, அதோடு பலகை ஆட்டம் முடிந்துவிடும். சண்டை போட நேரமில்லை.

"சரி கண்ணு" என்றேன். "இன்னும் ஏதாவது சொல்லு."