யாருக்கும் சந்தேகம் வராத ஆள்

"அம்மாவ மட்டும் விட்டீங்கல்ல? இவர விட்டா என்ன கொறஞ்சு போயிடும்?" என்று மகள் போட்ட கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் தானாகத் திறந்துகொண்டது.

"உங்கம்மா விஷயம் வேற. அதுல வாய வைக்காத," என்று மர்மக்கதை எழுத்தாளரும் குரலை உயர்த்தினார்.

"எறும்பக்கூட மிதிக்காம நடக்கிற மனுஷம்ப்பா அவரு! ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

எழுத்தாளரின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிப்பட்ட ஆளத்தாம்மா நானும் தேடிட்டிருந்தேன்," என்றார்.

சண்டை கம்பவுண்டரைப் பற்றியது. அவரோ அந்நேரம் கிளினிக்கில் மருந்து கலக்கிக்கொண்டிருந்ததால், தனக்காக ஒருத்தி தொண்டை கிழியக் கத்தியது அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

எழுத்தாளர் தம் தொடர்கதையில் யார்மேல் சந்தேகத்தைக் கிளப்பினாலும், பத்திரிகை கடைக்கு வரும் காலையில் அந்த ஆள் பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். கதை முடியும்வரை அங்கேதான் சாப்பாடு, படுக்கை எல்லாம். கொலைகாரர் யார் என்பது கடைசிச் சில வாரங்கள்வரை எழுத்தாளருக்கே தெரியாது. தெரிந்ததும் கதையின் இன்ஸ்பெக்டர் வந்து அந்த ஒருவரைத் தூக்குமேடைக்குக் கூட்டிப் போய்விடுவார். மற்றவர்கள் ஊரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொள்வார்கள். முனைத் தையல்காரரும் பல் வைத்தியரும் அப்படித் தங்கியவர்கள்தான். தையல்காரர் இரண்டாவது நாவல். அளவு தப்பாமல் தைப்பார். எழுத்தாளரின் மனைவியே முதல் நாவலில் வந்தவள். கொலையுண்ட ஆலை முதலாளியின் தங்கை மகளாக வந்து நின்றவளைப் பார்த்து எழுத்தாளருக்கு மனசு இளகிவிட்டது. கயிற்றை அவள் அண்ணன் கழுத்தில் மாட்டிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். அவளும் குடும்பம் நடத்தினாள். அண்ணனைப் பற்றி வாய் திறந்ததில்லை, ஆனால் கணவருக்கு ஒருநாளும் சூடாகக் காபி கொடுத்ததில்லை.

இப்போதைய தொடருக்காகக் கம்பவுண்டர் வந்த நாளிலிருந்து மகளுக்குத் தொண்டைவலி விட்டபாடில்லை. அவரும் சலிக்காமல் மாத்திரையைத் தாளில் மடித்துக் கொண்டுவந்து நீட்டுவார். "கதை முடியட்டும், உங்கப்பாகிட்ட நம்ம விஷயத்தப் பேசுறேன்," என்று ஒருநாள் தரையைப் பார்த்துச் சொன்னார். அன்றிலிருந்துதான் அப்பாவிடம் அவரைப் புகழ ஆரம்பித்தாள், அசடு.

"நல்லவரு நல்லவருன்னு சொல்லியே கயிற மாட்டிவிடுறியேடி," என்று அந்தச் சண்டை ஓய்ந்ததும் அம்மா அடுப்படியில் கிசுகிசுத்தாள். "யாருக்கும் சந்தேகம் வராத ஆளத்தான் உங்கப்பா புடிப்பாரு. ஊரே சந்தேகப்பட்டுச்சுன்னா தொடவே மாட்டாரு."

மறுநாளே மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாடகை நூலகம், தையல் கடை, மாவு மில் வரிசை, ஓரிடம் விடவில்லை. "விஷம் கலக்குற கை அக்கா, அந்தக் கம்பவுண்டர் கை, நல்லா பாருங்க," என்பாள். தெருக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஆளுக்கொரு கை கண்ணும் மூக்கும் வைத்தார்கள். வாரம் திரும்புவதற்குள் கம்பவுண்டர் கலக்கிய இருமல் மருந்தைத் தாய்மார்கள் சாக்கடையில் ஊற்றினார்கள்.

அவர் நேராக அவளிடமே வந்தார். "நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன்?" என்றார். உண்மையைச் சொல்லியிருப்பாள். ஆனால் சொன்னால் சிரித்துவிடுவார், சிரித்தால் அந்த முகத்தின்மேல் ஊரில் எவனுக்கும் சந்தேகம் வராது. "பண்ணவங்களுக்குத் தெரியும்," என்று கதவை அறைந்து சாத்திவிட்டு, துணி துவைக்கிற சாக்கில் கிணற்றடியில் போய் அழுதாள்.

பலன் கிடைத்தது. பத்திரிகை ஆசிரியர் மூச்சிரைக்க வந்து, "கம்பவுண்டர்தான்னு என் டிரைவர்கூடச் சொல்றான் சார். முடிவ மாத்துங்க, இல்லன்னா மானம் போயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். எழுத்தாளர் நகத்தைக் கடித்தபடி கூடத்தைப் பார்த்தார். அங்கே உட்கார்ந்திருந்த வக்கீல், விதவை, கார் மெக்கானிக், எல்லார்மேலும் ஏற்கெனவே சந்தேகம் விழுந்து நைந்திருந்தது. அப்போதுதான் மகள், அடுத்தவர்மேல் பழி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டி, ஆனால் முகமெல்லாம் சந்தோஷமாக உள்ளே வந்தாள். எழுத்தாளர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார். அழுதுகொண்டேதான் எழுதினார், பொய் சொல்லக்கூடாது. அவர் எழுதியதிலேயே உருக்கமான அத்தியாயம் அதுதான்.

பத்திரிகை வந்த காலையில் இன்ஸ்பெக்டரும் வந்தார். "இவ நான் பெத்த பொண்ணுய்யா! ஆஸ்பத்திரில பொறந்தவ!" என்று அம்மா கதறினாள்.

"அச்சுல வந்தாச்சும்மா," என்றார் அவர், தொப்பியைக் கழற்றி மரியாதையாகவே. "அதுவுமில்லாம, உங்க வழியில இவளும் பாதி எங்க கதை ஆளுதானே." அம்மா அப்படியே மயங்கிச் சரிந்தாள்.

விலங்கு மாட்டிய கையோடு மகள் கம்பவுண்டரிடம் ஓடினாள். "உங்களக் காப்பாத்தத்தாங்க அப்படியெல்லாம் சொன்னேன்!"

பெட்டியும் கையுமாக வாசலில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாட்டுனதுக்கப்புறம் எல்லாரும் இதத்தான் சொல்வாங்க," என்றார்.

தூக்கு நிறைவேறியது. அந்த இதழை மறுபடி அச்சடித்தும் போதவில்லை. மயக்கம் தெளிந்த அம்மா தையல்காரர் வீட்டு மாடிக்குக் குடிபோய்விட்டாள். எழுத்தாளர் அடுத்த தொடரைத் தொடங்கினார். அதற்கு வந்தவர்கள் விவரமானவர்கள். கூடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கத்தி தீட்டிக்கொண்டும், போகிற வருகிறவர்களை முறைத்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

கம்பவுண்டரிடம் நடந்ததைத் தெருவில் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவரவர் வைத்த கண்ணும் மூக்கும் வெளியே வருமே. அவர் பத்திரிகை ஆசிரியரின் மச்சினியைக் கட்டிக்கொண்டு துறைமுக ஊருக்குப் போய், அங்கே சொந்தமாக மருந்துக்கடை வைத்துவிட்டார். நல்ல வியாபாரம். கதையைப் படித்தவர்கள் அடையாளம் கண்டு விசாரித்தால், பொட்டலம் மடித்தபடியே, "ஆமா, என்மேல பழி போடப் பார்த்தாளே, அவதான்," என்கிறார்.