மிதுசாவின் ஓம்

தவராசா ஒருவரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அரைவாசி ஆயுள் பெட்டி ஏற்றி இறக்கியவர். பூட்டுப் போட்ட பெட்டிக்குள் மனிதர் என்னென்ன வைத்து அனுப்புவார்கள் என்று கண்டவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு கதைத்தால் எதையோ விற்க வந்திருக்கிறான் என்று அறிய அவ்வளவு படிப்புக் காணும்.

அப்படிப்பட்ட மனிசனுக்கு, சொந்த மகள் யப்பானில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள் என்பது நான்கு வருசமாகியும் தொண்டைக்குள்ளால் இறங்கவில்லை.

"வெள்ளைக்காரன்ரை பாசையைத் தமிழ்ப் பெட்டை ஒண்டு ஜேர்மன் பாஸ்போட்டோடை போய் யப்பான்காரனுக்குப் படிப்பிக்குதாம். இதிலை ஏமாறுறது ஆர் எண்டுதான் எனக்கு இன்னும் விளங்கேல்லை" என்பார்.

"உங்களுக்கு விளங்கினது எது?" என்பாள் மனைவி தேவமலர்.

ஆவணி மாதம் அங்கே பள்ளிக்கூட விடுமுறை. மகள் மிதுசா மூன்று கிழமைக்கு வீட்டுக்கு வந்தாள். விமான நிலையத்திலிருந்து ரயிலில் வரும்போதே தவராசாவுக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. டிக்கெட் பார்க்க வந்தவனுக்கு அவள் இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டாள். அவன் மிரண்டுபோய் டிக்கெட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தான். பிராங்பேர்ட்டில் டிக்கெட் இல்லாதவன்கூட அவனுக்குத் தலை குனிவதில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு விசாரணை நடந்தது.

"அங்கை நீ என்ன செய்யிறனி? உண்மையைச் சொல்லு."

"யப்பான் ரீச்சர் ஒருத்தர் படிப்பிப்பார் அப்பா. நான் பக்கத்திலை நிண்டு 'அப்பிள்' எண்டுவன். பிள்ளையள் 'அப்புரு' எண்டுங்கள். நான் திருப்பியும் 'அப்பிள்' எண்டுவன்."

"பிறகு?"

"பிறகு தோடம்பழம்."

மத்தியானம் வகுப்பிலேயே பிள்ளைகளோடு இருந்து சாப்பாடு. வெள்ளைத் தொப்பி போட்ட பிள்ளைகளே பரிமாறுவார்கள். சாப்பிட்ட பிறகு ஆசிரியர், மாணவர் எல்லாரும் தும்புத்தடி எடுத்துப் பள்ளிக்கூடத்தைக் கூட்டுவார்கள். அப்ப, கூட்டத்தான் எடுத்திருக்கிறாங்கள் என்று தவராசா மனதுக்குள் தீர்ப்பு எழுதினார்.

"முதல் நாள் ஜேர்மனியிலையிருந்து புது ரீச்சர் வந்திருக்கிறா எண்டு சொல்லி என்னை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனவை. பிள்ளையள் எனக்குப் பின்னாலை எட்டிப் பாத்ததுகள், ஜேர்மன்காரி எங்கை எண்டு." மிதுசா சிரித்தாள். "இப்ப அந்த ஊருக்கே நான்தான் ஜேர்மன்காரி. ஜேர்மன்காரர் தின்னுற உருளைக்கிழங்கைப் பற்றி என்ன சந்தேகம் எண்டாலும் என்னட்டைத்தான் கேப்பினம்."

"இஞ்சை பிறந்து வளந்தவளுக்கு இவங்கள் குடுக்காத பட்டத்தை அவங்கள் ஒரே நாளிலை குடுத்திட்டாங்கள்" என்றார் தவராசா. "சின்ன ஊரோ?"

"சின்னனப்பா. சனிக்கிழமை கடையிலை ரெண்டு ஐஸ்கிறீம் வாங்கினால், திங்கக்கிழமை ஒரு பிள்ளையின்ரை அம்மா, வீட்டை ஆரும் வந்தவையோ எண்டு கேப்பா."

"அப்ப கமலநாயகி அங்கையும் இருக்கிறாள்."

கமலநாயகி இரண்டு தெரு தள்ளி இருப்பவள். ஜேர்மனி முழுவதும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கலியாணம் பேசுகிறவள். தரகு வாங்குவதில்லை, சந்தோசத்துக்காகச் செய்கிறாள். அதனால்தான் அவளை நிறுத்த ஒருவராலும் ஏலாது.

தேத்தண்ணி முடிந்ததும் தவராசா தன் முழங்கால் கதையைத் தொடங்கினார். ஒப்பரேசன் தேவையில்லாத முழங்காலை டாக்குத்தர் எப்படி வெட்டினான் என்ற கதை. வழக்கமாக அவர் இரண்டாம் வசனத்துக்கு வரும்போது தேவமலர் எழும்பிப் போய்விடுவாள். மிதுசா அசையவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் ஆமோதிப்பதுபோலத் தலையை ஆட்டி "ஓம்… ஓம்… அப்பிடியோ… ஓம்" என்றாள். இந்த வீட்டில் தன்னை ஒருவர் இப்படி உட்கார்ந்து கேட்டது தவராசாவுக்கு நினைவில்லை. மனம் இளகிவிட்டது. நெடுநாள் நெஞ்சுக்குள் கிடந்ததையும் அந்தச் சூட்டோடு எடுத்து வைத்தார்.

"பிள்ளை, அந்த யப்பானை விட்டிட்டு இஞ்சையே வந்திடன்."

"ஓம்… ஓம்."

அன்றைக்கு அவர் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். அடுத்த நாள் மகளின் அறைக்குப் புதுக் கட்டில் வாங்க அளவு எடுத்துக்கொண்டு நின்றபோதுதான் மிதுசா திடுக்கிட்டாள்.

"நான் எப்பவப்பா வாறன் எண்டனான்?"

"நேற்று ஓம் ஓம் எண்டனியே!"

"ஐயோ, அது பழக்கத்திலை வாறது. அங்கை ஒருத்தர் கதைக்கேக்கை நாங்கள் பேசாமல் இருந்தால், கோவிச்சிட்டம் எண்டு நினைப்பினம். அதாலை 'ஹாய், ஹாய்' எண்டுகொண்டே இருக்கோணும். கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டதுக்கு. வேறை ஒரு கருத்தும் இல்லை."

"அப்ப மெய்யான ஓமுக்கு என்ன சொல்லுறது?"

"அதுக்கும் ஹாய்தான்."

"இல்லை எண்டுறதுக்கு?"

மிதுசா யோசித்தாள். "இல்லை எண்டு முகத்துக்கு நேரை சொல்லுறது மரியாதையில்லை. 'கொஞ்சம்…' எண்டு இழுத்துப்போட்டு, பல்லுக்குள்ளாலை மூச்சை உள்ளை எடுக்கிறது. விளங்கிக்கொள்ளுவினம்."

தவராசா அளவு நாடாவைச் சுருட்டினார். ஒரு நாடு முழுக்க இப்படிக் கதைத்துக்கொண்டு எப்படி ரயிலை நேரத்துக்கு ஓட்டுகிறார்கள் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை கமலநாயகி வந்தாள். கையில், ஜேர்மனியிலேயே ஆஹென் என்ற ஊரில் இருக்கும் பெடியன் ஒருவனின் விபரம். நிருஜன் என்று பெயர், எஞ்சினியர், குடிவகை இல்லை, தலைமயிர் உண்டு. மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். மிதுசா சோபா நுனியில் முழங்காலில் கை வைத்து இருந்து "ஓம்… ஓம்… அப்பிடியோ அன்ரி" என்றாள். கமலநாயகியின் முகம் பூத்துக்கொண்டே போனது. இத்தனை வருசத்தில் எந்தப் பெட்டையும் அவளுக்கு இப்படி ஓம் போட்டதில்லை.

"அப்ப உமக்கு விருப்பம்தானே பிள்ளை?"

மிதுசா தலையைக் குனிந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். "கொஞ்சம்…"

"வெக்கப்படுறாள்!" என்று கமலநாயகி தொடையில் தட்டினாள்.

தேவமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்கு ஓடினாள். மிதுசா, தன்னால் இயன்ற அளவு மரியாதையாக மறுத்தாயிற்று என்ற நிம்மதியோடு எழும்பிப் போனாள். அந்த அறையில் இரண்டு பக்கமும் விளங்கின ஒரே ஆள் தவராசா. வாயில் வந்ததை அடக்கத் தெரியாத மனிசன் என்று பிராங்பேர்ட்டில் பெயர் எடுத்தவர். அன்றைக்கு அவர் வாய் திறக்கவில்லை. நான் என்ன பொய்யா சொன்னேன் என்று மனதுக்குள் நியாயம் தேடினார். கேட்டவள் கேட்டாள், சொன்னவள் சொன்னாள். ஆஹென் என்றால் ரயிலில் போய் இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பலாம். யப்பானுக்கு அப்படி ஏலுமா?

சனிக்கிழமை காலை குசினியில் வடை பொரிந்தது. கமலநாயகிக்குத் தெரிந்த ஆட்கள் வருகிறார்கள் என்று மட்டும் மகளுக்குச் சொல்லியிருந்தார்கள். வாசல் மணி அடித்தபோது தேவமலர் பட்டுச்சேலையோடு ஓடி வந்தாள். மிதுசா சேலையைப் பார்த்தாள்.

"அம்மா, ஆர் வருகினம்?"

"ஆஹென் ஆக்கள்தான். நீதானே ஓம் எண்டனி."

"நான் 'கொஞ்சம்' எண்டெல்லோ சொன்னனான்!"

"அதுதான், வடிவாச் சொன்னனியே" என்று தேவமலர் கதவைத் திறந்தாள்.

தாய், தகப்பன், நிருஜன், ஒரு தட்டம் பழம். அவர்களுக்கு முன்னால் கமலநாயகி. இவ்வளவு தூரம் வந்தவர்களை வாசலில் வைத்து முகத்தில் அடித்ததுபோலத் திருப்பி அனுப்ப மிதுசாவால் ஏலவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள், இடுப்பை வளைத்துத்தான். பெடியனின் தாய்க்கு அதிலேயே மனம் உருகிவிட்டது.

"எவ்வளவு அடக்கம்! இஞ்சை வளந்த பிள்ளை எண்டால் ஆரும் நம்புவினமோ?"

பெடியனின் தகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, தங்கள் வீடு, தோட்டம், கோயில் சபையில் தனக்குள்ள பதவி எல்லாவற்றையும் எடுத்து விரித்தார். மிதுசா ஒவ்வொன்றுக்கும் ஓம் போட்டாள். குரல் மட்டும் வரவர மெலிந்தது. கடைசியில் அவர் கேட்டார்.

"யப்பான் வேலையை விட்டிட்டு ஆஹெனுக்கு வர உமக்கு விருப்பம்தானே?"

"கொஞ்சம்…" மூச்சை இழுத்த சத்தம் சுவர் வரைக்கும் கேட்டது.

"பிறகென்ன, தையிலை வைப்பம்" என்றார் அவர்.

மிதுசா தகப்பனைப் பார்த்தாள். சிரித்த முகம் சிரித்தபடிதான் இருந்தது. கண் மட்டும் சிரிக்கவில்லை.

தவராசாவின் கையில் பாதி வடை இருந்தது. அதை மெதுவாகச் சப்பி முடித்தால் போதும், காரியம் தானாக முடிந்துவிடும். ஆனால் அவள் ஆஹென் வீட்டுக் குசினியில் நின்றும் இப்படித்தானே ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நிற்பாள்? விலாசம் பிழை என்று தெரிந்தும் பெட்டியைப் பெல்டில் ஏற்றுகிற வேலை இது. அந்த வேலையை அவர் சம்பளத்துக்குக்கூடச் செய்ததில்லை.

"தை சரிவராது" என்றார்.

"அப்ப மாசி?"

"மாசியும் சரிவராது. பெட்டைக்கு விருப்பமில்லை."

தேவமலர் கோப்பையை மேசையில் வைத்தாள். "இந்தாளுக்கு விசர்" என்றாள்.

"தவராசா அண்ணை, பிள்ளை தன்ரை வாயாலை ஓம் எண்டு சொல்லுது" என்றாள் கமலநாயகி.

"அது ஓம் இல்லை. கேக்கிறன் எண்டு அர்த்தம். கொஞ்சம் எண்டால் இல்லை எண்டு அர்த்தம்."

"தமிழிலை கொஞ்சம் எண்டால் கொஞ்சம்தான் அண்ணை" என்றார் பெடியனின் தகப்பன்.

"யப்பானிலை அப்பிடியில்லை."

"நாங்கள் இப்ப யப்பானிலையோ இருக்கிறம்?"

நியாயமான கேள்வி. பெடியனின் தாய் மிதுசா பக்கம் திரும்பி, மிகவும் கனிவாகக் கேட்டாள்.

"நீர் பயப்பிடாமல் சொல்லும் பிள்ளை. அப்பா சொல்லுறது மெய்யோ?"

"ஓம்" என்றாள் மிதுசா.

"பாத்தியளே, தகப்பனுக்குப் பயந்து நடுங்குது" என்று அந்த மனிசி கண் கலங்கினாள்.

நிருஜன் மட்டும் எழும்பிச் சப்பாத்தைத் தேடினான். பழத்தை விட்டுவிட்டுப் போனார்கள். தட்டத்தை அடுத்த நாள் கமலநாயகி வந்து வாங்கிக்கொண்டு போனாள், உள்ளே வராமலே. அதற்குள் கதை பிராங்பேர்ட் முழுவதும் பரவியிருந்தது. தவராசா பெட்டையைக் கட்டிக்கொடுக்க மாட்டாராம், யப்பான் என்றால் அந்த மனிசனுக்கு அவ்வளவு பைத்தியமாம். கோயிலில் ஒருவன் வந்து, யப்பான் மாப்பிள்ளைதான் பார்க்கிறீர்களோ என்று அக்கறையாக விசாரித்தான். தேவமலர் சோறு போடுவாள், பேசமாட்டாள்.

மகள் திரும்பிப் போவதற்கு முதல் நாள், தவராசா குசினிக்குள் போனார். மிதுசா கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, புதன்கிழமையே உங்களுக்கு விளங்கினது தானே?"

"விளங்கினதுதான்."

"இனி ஒருக்கா இப்பிடிப் பேசாமல் இருந்தியள் எண்டால், நான் இந்த வீட்டுக்கு வரமாட்டன்."

மூன்று கிழமையில் மகள் சொன்ன விளங்கக்கூடிய முதல் வசனம் அது. இது தன் பெட்டைதான் என்று தவராசாவுக்கு ஒரு திருப்தி. துணியை எடுத்துக் கோப்பையைத் துடைக்கத் தொடங்கினார்.

"அப்ப அடுத்த வருசமும் அங்கைதானோ? அந்த அப்பிளும் தோடம்பழமும்தானோ?"

மிதுசா தண்ணிக் குழாயைப் பூட்டினாள்.

"ஓம்."

தவராசா கையில் துணியோடு நின்று, வழக்கம்போல் பின்னால் இன்னொரு ஓம் வருமா என்று பார்த்தார். வரவில்லை.