பையைத் திறக்கச் சொல்பவர்

“எங்க அம்மாவை உங்களுக்கு நல்லாத் தெரியும்ல மாமா? அப்புறம் எதுக்குத் தினமும் பையைத் திறக்கச் சொல்றீங்க?”

அம்மா வேலை பார்க்கும் மருத்துவமனையின் வாசலில் நின்று மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. காவலாளி கோபப்படவில்லை. “அம்மாவைத் தெரியும் பாப்பா. பையைத் தெரியாதே” என்றார்.

அப்போது பள்ளி விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. மருத்துவமனைக் கணினிகளைப் பராமரிக்கும் அம்மா வேலை முடித்து வரும்வரை, மகள் காவலாளியின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருப்பாள். அவர் நின்றுகொண்டே இருப்பார். கேட்டால், “உக்காந்தா தூக்கம் வருதும்மா” என்பார். ஆடி ஆடி நாற்காலியின் ஒரு கால் தளர்ந்தே போனது.

இப்போது மகள் கல்லூரியில் படிக்கிறாள். காவலாளியின் மகள் அதே மருத்துவமனையின் பதிவு மேசையில் தற்காலிகமாகச் சேர்ந்திருக்கிறாள். அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்.

அந்த வாரம் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்? ஞாயிறன்று, எல்லாரும் ‘கணினியம்மா’ என்று கூப்பிடும் அந்த அம்மா சர்வரில் புதிய இயங்குதளத்தை ஏற்றினார். வழக்கம்போல் கண்ணை மூடி ஆண்டவனை வேண்டிக்கொண்டுதான் தொடங்கினார். நல்லபடியாக முடிந்த மாதிரிதான் இருந்தது. திங்களன்று பதிவு மேசையில் ஒரு நோயாளியின் பெயரைத் தட்டினால், அவர் இருமி முடித்து, கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்த பிறகுதான் விவரம் திரைக்கு வந்தது. நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் இருக்கும் டேட்டாபேஸை ஓயாமல் தொடுவது அந்த மேசைதான் என்பதால் தாமதம் அங்கேதான் கண்ணில் பட்டது. வரிசை வாசல் வரை நீண்டது.

“கை ஓடலைன்னா சொல்லும்மா, வேற ஆளைப் பாத்துக்கலாம்” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனார் மேலாளர்.

கணினியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தபோது காவலாளி மகளின் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

“அக்கா, ஒரு பெரியவர் சொல்றார், ‘என் பேரைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள வியாதியே சரியாயிடும் போல’ன்னு.”

“சரியானா நல்லதுதானே. நம்ம மேலாளர் அதையும் தன் சாதனைன்னு சொல்லிக்குவார்.”

“சிரிக்காதீங்கக்கா. நான் மெதுவாவா தட்டறேன்?”

“உன் கை நல்லாத்தான் ஓடுது. மெஷின்தான் ஓடலை.”

இவளிடம் சொல்வது எளிது. மேலாளரிடம் சொல்வதற்குக் காரணம் தெரிய வேண்டுமே.

சர்வர் அறைக்குப் போய் கேபிள்களைக் கழற்றி மாட்டினார். மெமரி போதுமான அளவு இருந்தது. டேட்டாபேஸில் பழுதில்லை. கடைசியில், எந்தெந்த மென்பொருள் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு பதிவு மேசைக்குப் போன் செய்தார்.

“இப்ப ஒரு பேரைத் தட்டு.”

தட்டினாள். டேட்டாபேஸ் சும்மா காத்திருந்தது. மூச்சு வாங்க ஓடியது, வைரஸ் நுழையாமல் காவல் காக்கும் ஆன்டிவைரஸ்.

“இன்னொண்ணு தட்டு.”

மறுபடியும் அதே கதை. கணினியம்மாவுக்கு மகளின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. தனியாகச் சிரித்துவிட்டார். டேட்டாபேஸ் தன் கோப்பைத் தொடும்போதெல்லாம் ஆன்டிவைரஸ் அதை வாசலில் நிறுத்தி, பையையே தலைகீழாகக் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ‘இதை மட்டும் நிறுத்தாதே’ என்று பழைய இயங்குதளத்தில் அவரே எப்போதோ சொல்லி வைத்திருந்தார். புதியதில் அந்த ஏற்பாடு அழிந்துவிட்டது. அப்படி ஒன்று இருந்ததையே அவரும் மறந்திருந்தார்.

காவலே வேண்டாம் என்று எடுத்துவிட மனம் வரவில்லை. முழுச் சோதனையை வரிசை இல்லாத நேரத்துக்கு மாற்றிவிட்டு, பகலில் அந்தக் கோப்புக்கு மட்டும் வழிவிடச் செய்தார்.

“அக்கா! தட்டி முடிக்கிறதுக்குள்ள வந்து நிக்குது!” என்று போனில் கத்தினாள் பெண்.

கணினியம்மா நேராக மேலாளரின் அறைக்குப் போனார். “தாமதத்துக்குக் காரணம் நான்தான் சார். சர்வரை மாத்தினப்ப ஒரு ஏற்பாட்டைத் திரும்பச் செய்ய மறந்துட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேனே” என்றார். பிறகு எழுந்து பதிவு மேசைக்குப் போய், எல்லார் முன்னாலுமே சொன்னார்: “தப்பு உன் மேல இல்லம்மா. வெள்ளிக்கிழமை வந்து நிரந்தர ஆணையை வாங்கிக்க.”

சாயங்காலம் வாசலில், “பையைக் கொஞ்சம் திறங்கம்மா” என்றார் காவலாளி.

மேலேயே ஸ்க்ரூடிரைவர் இருந்தது.

“என்னோடதுதான் அண்ணே.”

“சரிம்மா.” அவர் தயங்கினார். “பொண்ணு வந்து சொன்னா. நீங்க மட்டும்...”

“மெஷின் சரியாயிடுச்சு அண்ணே. அவ்வளவுதான்.”

பக்கத்து வாசலில் ஆம்புலன்ஸ் ஒலித்தது. அவர் கதவைத் திறக்க ஓடினார்.

அதே இரும்பு நாற்காலி. தளர்ந்த காலுக்கு அடியில் காவலாளி மடித்த அட்டை ஒன்றைச் செருகி வைத்திருந்தார். கணினியம்மா சுற்றிலும் பார்த்தார். நாற்காலியைக் கவிழ்த்து, துருப்பிடித்த திருகுகளை ஒவ்வொன்றாக முறுக்கினார். கடைசித் திருகு லேசில் அசையவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்து முழு பலத்தையும் கொடுத்தார். நிமிர்த்தி வைத்து அழுத்திப் பார்த்தார். ஆடவில்லை.

அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.