தவுக்கே சாப்டானா?

புரட்டாசிச் சனிக்கிழமை, அதுவும் ஒருபொழுது விரதம் இருக்கிற நாளில், பவானேஸ்வரி சோபாவுக்கு முன்னால் குப்புறப் படுத்து டார்ச் லைட் அடித்துக்கொண்டிருந்தாள். தொலைந்துபோனது ஒரு நீல நிறப் பிராணி. இறாலின் உடம்பும் நண்டின் கொடுக்குமாக இருக்கும் அதைக் கடையில் கிரேஃபிஷ் என்று சொல்லி விற்றார்கள். மகள் தாரணி அதற்கு வைத்த பெயர் தவுக்கே, அதாவது முதலாளி. இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு கண்ணாடித் தொட்டிக்குள் அது உலாத்துவதைப் பார்த்தால், வேலையாட்களை மிரட்ட வந்த கடை முதலாளிதான் ஞாபகத்துக்கு வருவார்.

பாயா ரும்புட்டில் இருந்த அந்தத் தாமான் குடியிருப்பு வீடு அப்படியொன்றும் பெரியதில்லை. ஐஸ் பெட்டிக்குப் பின்னால், செருப்பு அலமாரியில், குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கணவர் தம்புசாமி வாசலுக்கு வெளியே லொங்காங் சாக்கடை வரைக்கும் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"லொங்காங்ல தவளைதான் இருக்கு. வீட்டுல ஒரு மாசம் சைவம்னு தெரிஞ்சதும் ஓடிட்டான் லா. நானே ஓடலாமான்னு பாக்குறேன்."

லாரி ஓட்டுகிறவருக்கு எதுவும் விளையாட்டுத்தான். பவானேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேலிக்குச் சொன்னது காலையிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்த விஷயம். புரட்டாசி பிறந்த அன்று மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்த கையோடு, தவுக்கேயின் தீனி டப்பாவையும் எடுத்து ஸ்டோரில் வைத்துவிட்டாள். டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாடை. தொட்டி இருப்பதோ சாமி மேடைக்கு நேர் கீழே. பெருமாள் காலடியில் இருக்கிறவன் ஒரு மாதம் சுத்தமாக இருந்தால் குறைந்தா போவான் என்று அவித்த பட்டாணியும் கேரட்டும் போட்டு வந்தாள். அவனும் முகம் சுளிக்காமல் தின்றான். அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

தவுக்கே போனால் இன்னொன்றை வாங்கிவிடலாம். அவள் பயந்தது அதற்கில்லை. மெர்லிமாவிலிருந்து வந்த சம்பந்தத்தை அம்மா தன்னைக் கேட்காமலே பேசி முடிக்கப் பார்த்தாள் என்று கோபித்துக்கொண்டு தாரணி பினாங்குக்கு வேலைக்குப் போய்விட்டாள். தங்குகிற அறையில் பிராணி வளர்க்கக் கூடாது என்பதால் தவுக்கேயை மட்டும் விட்டுப்போனாள். அன்றிலிருந்து தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் போன் வரும்.

"தவுக்கே சாப்டானா?"

"சாப்டான்."

"தண்ணி மாத்துனியா?"

"மாத்திட்டேன்."

"சரி, வெக்கிறேன்."

அம்மா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இருக்காது. ஆனாலும் பவானேஸ்வரி நாள் முழுக்க அந்தப் பேச்சுக்காகத்தான் காத்திருப்பாள். அவனும் இல்லையென்றால் இவள் எதற்குக் கூப்பிடப்போகிறாள்?

அன்றும் நேரம் தவறாமல் போன் அடித்தது.

"தவுக்கே சாப்டானா?"

சாப்டான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பொய் வரவில்லை. "காணோம்டி. காலையில கேரட் போட்டுட்டு மூடிய சரியா மூடல போல."

"கேரட்டா? அவன் ஃபுட் என்னாச்சு?"

"புரட்டாசி இல்ல..."

"அலாமா! தவுக்கேயையும் விரதம் இருக்க வெச்சிட்டியா?"

"தப்புதான். பசியில போயிட்டானோ என்னமோ. இனிமே நீ கூப்பிடவே மாட்டல்ல?"

போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

"ம்மா," என்றாள் தாரணி. குரல் மாறியிருந்தது. "காலையிலேருந்து நீ சாப்டியா?"

"வெளக்கேத்திட்டுத்தான்."

"சரி, போய் ஏத்து. அப்புறம் கூப்பிடுறேன்."

பவானேஸ்வரி முகம் கழுவிக்கொண்டு வந்து விளக்கேற்றினாள். தீர்த்தம் எடுக்கச் சாமி மேடையில் இருந்த வாயகன்ற பித்தளைச் சொம்புக்குள் கரண்டியை விட்டபோது, மிதந்த துளசிக்கு நடுவிலிருந்து இரண்டு மீசைகள் மெல்ல வெளியே நீண்டன. கூடவே ஒரு நீலக் கொடுக்கு.

"பெருமாளே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் மாலை கண்ணில் பட்டது. காலையில் பெருமாள் படத்துக்குப் போட்ட துளசி மாலை அளவுக்கு மீறிய நீளம். அதன் ஒரு முனை மேடையிலிருந்து நழுவி, பாதி திறந்திருந்த மூடி வழியாகத் தொட்டித் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவன் மேலே ஏறியிருக்கிறான். கீழே விழுந்திருப்பான் என்று வீட்டில் இருந்த இரண்டு பேரும் பகல் முழுக்கத் தரையைத் துழாவியிருக்கிறார்கள்.

தம்புசாமி எட்டிப் பார்த்தார். "சைவம் பிடிக்காம ஓடிட்டான்னு பாத்தா, சாமியாராவே போயிட்டானே!"

இப்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே போனை எடுத்தவள் அப்படியே நின்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் மகள் வாயிலிருந்து 'நீ சாப்டியா' என்று வந்திருக்கிறது. அவன் காணாமல் போனதால் வந்த வார்த்தை. கிடைத்துவிட்டான் என்று சொன்னால் நாளைக்குப் பழையபடி அவன் சாப்பாட்டைத்தான் விசாரிப்பாள். ரெண்டு நாள் கழித்துச் சொன்னால் என்ன என்று ஆசையாகத்தான் இருந்தது.

அங்கே பெண் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாளோ என்ற நினைப்பு வந்ததும் அந்த ஆசை போய்விட்டது. சொம்பைப் படம் பிடித்து அனுப்பினாள். தவுக்கேயைச் சொம்போடு தூக்கிப்போய்த் தொட்டியில் விட்டு, மூடிமேல் கல்லை வைத்தாள். ஸ்டோரிலிருந்து தீனி டப்பாவை எடுத்து வந்தாள். புரட்டாசியாவது ஒன்றாவது, பெருமாள் கோபித்துக்கொண்டால் சமாதானம் செய்துகொள்ளலாம்.

போன் அடித்தது. தாரணி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்பதற்கு முன்னால் பவானேஸ்வரியே முந்திக்கொண்டாள்.

"சாப்டான்டி. இப்பத்தான் அவன் ஃபுட்டயே போட்டேன்."

"அவனக் கேக்கலம்மா. நீ சாப்டியா?"

"இன்னும் இல்ல."

"தட்டு எடுத்துப் போட்டுக்க. நான் லைன்லயே இருக்கேன்."