பதினோராம் மடையின் வில்லன்

ராஜபாளையத்தில் கறுப்பானவர்கள் யாரும் இல்லை. சந்தேகம் இருந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, வழியில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ்களை அண்ணாந்து பாருங்கள். பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் எல்லோரும் வெள்ளை வெளேரென்று, கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாமல், சிரித்துக்கொண்டிருப்பார்கள். இறந்துபோனவர்தான் இருப்பவர்களைவிட நன்றாகச் சிரிப்பார். அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர்.

“ஆளு தன்னையப் பாத்து தானே மயங்கணும் தம்பி. அப்பத்தான் அடுத்த விசேஷத்துக்கும் நம்மகிட்ட வருவான்” என்பது அண்ணாச்சியின் தொழில் கொள்கை. இன்னொரு சட்டமும் உண்டு. உயிரோடு இருப்பவர் படத்தைக் கண்ணீர் அஞ்சலி டிசைனில் வைத்துப் பார்க்கக் கூடாது, அளவு பார்ப்பதற்காகக்கூட. புதிதாக வந்த ஒருவன் தன் படத்தையே அதில் வைத்துப் பார்த்தபோது, அண்ணாச்சி கம்ப்யூட்டருக்குச் சூடம் சுற்றிப் போட்டார்.

சாயங்காலம் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, கை கால் கழுவிய பிறகுதான் என் சொந்த வேலை. ‘பதினோராம் மடை’ என்ற படக்கதை. வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் ஏற்றுவேன். மலையடிவாரத்தில் ஒரு கண்மாய், அதன் மடைகளை அடைத்து வைத்துக்கொண்டு ஊரைக் காயப்போடும் ஒரு பெரிய மனிதன், அவனை எதிர்க்கும் மாரிக்கனி என்ற பெண். படிக்கிறவர்கள் ஒரு கல்யாணப் பந்தி அளவுக்குத்தான் இருப்பார்கள். ஆனால் ஒருவரும் சொந்தக்காரர் இல்லை. அதனால் அவர்கள் நன்றாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்றே அர்த்தம்.

அந்தக் கதையை நான் தொடங்கியதே கடைசிப் பக்கத்துக்காகத்தான். மாரிக்கனி மடையைத் திறக்க, வெள்ளம் அந்த மனிதனை அடித்துக்கொண்டு போய்விடும். மறுநாள், அவனால் காய்ந்த ஊர், பொழுது விடிந்தால் அவனைத் திட்டிய ஊர், தெருவுக்குத் தெரு அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி கட்டியிருக்கும். எல்லாவற்றிலும் அவன் வெள்ளையாக, கும்பிட்டபடி, சிரித்துக்கொண்டிருப்பான். வசனம் கிடையாது. இப்படி ஒரு பக்கத்தை ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனைத் தவிர வேறு யாராலும் வரைய முடியாது என்ற திமிர் எனக்கு இருந்தது.

வில்லனுக்கு முகம் தேவைப்பட்டபோது ரொம்ப அலையவில்லை. பால்ச்சாமி மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, வன்னியம்பட்டியில் விவசாயம் பார்க்கிறார். அவர் மகள் வெங்கடேஸ்வரியை எனக்குக் கேட்டு அம்மா போகும்போதெல்லாம் “பாப்போம்க்கா” என்பார். வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த எரிச்சலில் ஆளை அப்படியே தூக்கிக் கதைக்குள் போட்டேன். சாவிக்கொத்தால் காது குடைவது, அடுத்தவர் பேசும்போது வானத்தைப் பார்ப்பது, மடையை அடைக்கும் முன் “பாப்போம்” என்பது எல்லாம் அவர்தான். முகத்தை அவருடைய புதுமனை புகுவிழாவுக்கு நான் அடித்த ஃப்ளெக்ஸைப் பார்த்தே வரைந்தேன்.

அங்கேதான் என் கையே என் காலை வாரிவிட்டது. பகலெல்லாம் ஆட்களை வெளுத்துப் பழகிய கை. கேட்காமலே கருவளையத்தைத் துடைத்தது, தொந்தியை உள்ளே தள்ளியது, மீசைக்கு மை பூசியது. கொடூரமான ஆளாகக் காட்ட நான் பட்ட பாட்டுக்கு, கடைசியில் வந்து நின்றவன் நகைக்கடை விளம்பரத்துக்குப் போகலாம்போல இருந்தான்.

மாமாவின் பட்டாளத்து நண்பர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ என் படக்கதையைப் போட்டிருக்கிறார்கள். ஒரு மத்தியானம் மாமா கடைக்கே வந்துவிட்டார். செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“ஏலே வைகுண்டராஜ், இது யாரு?”

“சும்மா ஒரு கதை மாமா.”

“கதைன்னு எனக்கும் தெரியும். மாமனைக் கதாநாயகனாப் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? அவனவன் சொல்லி நான் தெரிஞ்சுக்கிட வேண்டியிருக்கு.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் புள்ள மாரிக்கனிதான் சரியில்ல. தண்ணி அருமை தெரியாம ஆடுதா. மடைய அடைக்கலேன்னா கண்மாயில என்னத்த மிஞ்சும்? ஊருன்னா ஒரு கட்டுப்பாடு வேணும். அத எம்புட்டு அழகாக் காட்டியிருக்க. உனக்குள்ள இம்புட்டு விவரம் இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல மாப்ள.”

அவர் வாயிலிருந்து ‘மாப்ள’ என்ற சொல் வந்தது அன்றைக்குத்தான். அடுத்த முகூர்த்தத்திலேயே வெற்றிலை பாக்கு மாற்றி, ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. மாமனாரை வில்லனாக்கிப் பெண் வாங்கியவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் கல்யாணம் நெருங்க நெருங்கக் கதையும் முடிவை நெருங்கியது. மாமா வெள்ளிக்கிழமையானால் வன்னியம்பட்டி டீக்கடையில் செல்போனை நீட்டி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். பெண் கொடுக்கப்போகிறவரைத் தண்ணீரில் தள்ளி, படத்துக்கு மாலை போட்டு, தெருத்தெருவாகக் கண்ணீர் அஞ்சலி கட்டினால் எங்கள் பக்கத்தில் அதற்குக் கதை என்று பெயர் இல்லை, செய்வினை என்று பெயர். அந்தப் பக்கத்தை விடவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை.

வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கோர்ட் பக்கத்து ஜூஸ் கடையில் அவளிடம் பேச்சை எடுத்தேன்.

“எங்கப்பா வில்லன்னு எனக்கு மொத வாரமே தெரியும் மச்சான்” என்றாள். “அவியளுக்கு மட்டுந்தான் தெரியல.”

கடைசிப் பக்கத்தைச் சொன்னேன். ஜூஸைக் குடிக்காமல் கேட்டாள்.

“நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு” என்றாள். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, “ஆனா அதப் போட்ட பொறவு அப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட எங்கம்மா உங்க மொகத்துல முழிப்பாவளா?” என்று கேட்டாள்.

“பரவாயில்லை, போடுங்கள்” என்று அவள் சொல்லமாட்டாளா என்றுதான் சொன்னேன். அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாமலே போடும் தைரியம் எனக்கும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை வில்லனுக்கு ஞானம் வந்தது. தானே போய் மடையைத் திறந்தான். கண்ணீர் விட்டான். மாரிக்கனியைத் தங்கச்சி என்றான். அதற்கடுத்த வாரங்களில் அன்னதானம் போட்டான், கோயில் கொடையை முன்னின்று நடத்தினான். நான் வரைந்ததிலேயே பளபளப்பான பக்கங்கள் அவைதான். என் வாசகர் பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகும்போது ஒருவர், “என்னப்பா, ஃப்ளெக்ஸ் போர்டு மாதிரி ஆயிருச்சு” என்று எழுதிவிட்டுப் போனார். என் தொழில் அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம், எல்லோரும் சிரிக்கும் ஒரு படத்தோடு சுபம் போட்டேன். தம்பிக்குக் கதையில் ஒன்றும் ஆகவில்லை என்று அம்மா நிம்மதியானாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவீட்டு விருந்துக்கு வன்னியம்பட்டிக்குப் போனோம். மாமா என் பக்கத்திலேயே உட்கார்ந்து, என் இலைக்குக் கறியைத் தள்ளச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்காகத்தானே அத்தனையும் செய்தேன், ஒரு நல்ல வார்த்தை கேட்போம் என்று நானாகவே வாயைக் கொடுத்தேன்.

“கதை முடிவு எப்படி மாமா இருந்துச்சு?”

“அதுவா” என்று கொஞ்சம் சங்கடப்பட்டார். “அத நான் படிக்கிறத விட்டுட்டேன் மாப்ள. மனசு ஒப்பல.”

“ஏன் மாமா?”

“மடையத் தொறந்துட்டு நின்னு அழுதான் பாரு, அன்னைக்கோட சரி. நீ அவன அந்தத் தண்ணியிலயே கொன்னிருக்கணும். திட்டுன பயலுக பூரா மாலையோட வந்து நின்னுருப்பானுவ. அப்படித்தான் முடிப்பேன்னு நான் டீக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்.”

“உங்க மொகம் மாமா. மாலை போட்டா நல்லாவா இருக்கும்?”

“படத்துல செத்தா என்னடே? பட்டாளத்துல பாக்காத சாவா?” என்றார். எலும்பை இலையில் தட்டி வைத்துவிட்டு, “அவன் செத்துருப்பானே தவிர, தொறந்துருக்க மாட்டான்” என்றார்.

வெங்கடேஸ்வரி என்னைப் பார்க்காமல் என் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். என் கதையை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.