ஒரிஜினல் உள்ளே, காப்பி வெளியே

கம்ப்யூட்டர் திரையில் நீலக்கோடு அறுபத்திரண்டு சதவீதத்தைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. தசரதன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். எட்டேகால். அந்த வாரம் மேனாம்பேட்டுக்குக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை கரண்ட் கட். நடுவில் போய்த் தொலைந்தால் ரைட்டருக்குள் சுழல்கிற காலி டிவிடி பாழ். மொட்டை மாடியில் புறா விரட்டக் கட்டித் தொங்கவிடலாம், வேறெதற்கும் ஆகாது. ஏற்கெனவே இருபது முப்பது அங்கே மினுக்கிக்கொண்டிருந்தன.

"இன்னும் எவ்ளோ கீது?" அடுப்படியிலிருந்து வரலட்சுமி கேட்டாள். "இட்லி ஆறுதுங்க."

"பாதி தாண்டிடுச்சி. நேத்து போட்டது பத்து கீது. நீ இஸ்கூலுக்குப் போறதுக்குள்ள பேர் எய்திக் குடுத்துட்டுப் போயிடு லட்சுமி."

"காலையில எனக்கு இது ஒரு வேலை" என்று அலுத்துக்கொண்டே கையைத் துடைத்தபடி வந்து தரையில் சம்மணமிட்டாள். ஒவ்வொரு டிவிடியையும் பரப்பில் விரல் படாமல் விளிம்பைப் பிடித்து, மார்க்கர் பேனாவால் படத்தின் பேரை வட்டமாக எழுதினாள். பக்கத்துத் தெரு நர்சரி அண்ட் பிரைமரிப் பள்ளியில் யு.கே.ஜி. டீச்சர் அவள். கரும்பலகையில் 'அ' போட்டால் பிள்ளைகள் அதன்மேல் விரல் வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஓர் எழுத்து. ஸ்டிக்கர் ஒட்டினால் பிளேயருக்குள் சூட்டில் கழன்று மாட்டிக்கொள்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சண்டைக்கு வந்த பிறகுதான் இந்த வேலை அவளிடம் வந்தது. தசரதன் எழுதினால் அவனாலேயே படிக்க முடியாது. பதினாலு வருஷம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பிடித்த கை.

லேத் கம்பெனி மூடியபோது கூப்பிட்டு வேலை கொடுத்தவர் கலியமூர்த்தி. பஜார் தெருவில் படங்களை வாடகைக்கு விடும் கடை அவருடையது. சுவர் நிறைய டிவிடி. கல்லாவுக்குப் பின்னால் பூட்டிய மர அலமாரி.

"வாடகைக்கு எடுத்துக்கினு போறான், கொயந்த கையில குடுக்கறான், அது தரையில வெச்சித் தேய்க்குது" என்று ஒருநாள் அவர்தான் ஆரம்பித்தார். "ரெண்டே வாரத்துல கீறல் வுயுந்து படம் நின்னு நின்னு வருது. இனிமே ஒரிஜினல் உள்ள, காப்பி வெளிய. நம்ம துட்டு குடுத்து வாங்குன சிடிக்கு நாமளே ஒரு பேக்கப் எடுத்து வெச்சிக்கறோம். இதுல இன்னா தப்பு கீது, சொல்லு?"

தசரதனுக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. கடையில் இடம் போதாது என்று கம்ப்யூட்டரையும் ரைட்டரையும் அவன் வீட்டில் கொண்டுவந்து இறக்கினார் கலியமூர்த்தி. "பில்லு உன் பேர்லயே போட்டுட்டேன் நைனா. உன்னுதுன்னே நெனச்சிக்கோ" என்றார். தசரதன் மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வைத்தான். தூசி படாமல் இருக்க வரலட்சுமி பழைய பட்டுப் பாவாடையில் உறை தைத்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் பவ்யாவுக்கு அதைத் தொட அனுமதி இல்லை.

முதலில் ஒரு படத்துக்கு ஒரு காப்பி. அப்புறம் ஆவடியில் ஒரு கடைக்காரர் கேட்கிறார் என்று இரண்டு. சென்னீர்குப்பத்தில் கலியமூர்த்தியின் மச்சானும் கடை போட்டிருக்கிறான் என்று ஐந்து. பத்தாகி, இருபதாகி, ஐம்பது ஐம்பதாக டப்பா டப்பாவாகக் காலி டிவிடி வந்து இறங்கியபோது பேக்கப் என்கிற பேச்சு காணாமல் போயிருந்தது. தசரதன் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். அவரைப் போய்க் கேட்பதா என்ற கூச்சம் இன்னொரு பக்கம்.

அந்த வாரமே புதன்கிழமை மத்தியானம் கடைக்கு இரண்டு பேர் வந்தார்கள். டக் இன் பண்ணிய சட்டை, கறுப்பு ஷூ. ஒருவர் ஒரு டிவிடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி டிவிடி என்றால் அடிப்பக்கம் வெள்ளியாக இருக்கும். இது ஊதா. அவர் இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஊதா. வெளியே ஜீப் நிற்பதைத் தசரதன் அப்போதுதான் கவனித்தான்.

கலியமூர்த்தியின் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. "நம்ம பையன் தசரதன்தான் சார் எடுத்தாந்து அடுக்குவான். எங்கேர்ந்து எடுத்தார்றான்னு எனக்கு இன்னா தெரியும்?"

தசரதன் ஜீப்பில் ஏறப் போனபோது கலியமூர்த்தி கிட்டே வந்து தோளை அழுத்தினார். "கம்முனு இரு. என் பேரு மட்டும் வரவே கூடாது. நான் வெளிய இருந்தாத்தான் உன்ன வெளிய எடுக்க முடியும், புரியுதா?" புரிந்தது. நியாயமாகவும் பட்டது. உள்ளே ஒருவர் போனால் வெளியே ஒருவர் வேண்டும்தானே.

வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது மணி மூன்றரை. பள்ளிவிட்டு வரலட்சுமியும் பவ்யாவும் அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். தெருவே கூடிவிட்டது. அவளிடம் படிக்கிற பிள்ளைகள் சீருடையோடு அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஷூ காலோடு உள்ளே போன போலீஸ்காரர்கள் கம்ப்யூட்டரை ஒயரோடு பிடுங்கினார்கள். பாவாடைத் துணி உறை வாசலில் விழுந்து, யாரோ மிதித்து, அழுக்காயிற்று.

"ஏங்க, இன்னாங்க இது?" என்றாள் வரலட்சுமி. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் கலியமூர்த்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஜீப் பானெட்டின் மேல் ஒரு பேப்பரை விரித்து வைத்து எஸ்.ஐ. ஏதோ சொல்ல, கலியமூர்த்தி பையிலிருந்து பேனா எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தசரதனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. 'நமக்காகக் கையெழுத்துப் போடறாரு மனுஷன். கைவிடல' என்று நினைத்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

ஸ்டேஷனில் மேஜைமேல் டிவிடிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினார் எஸ்.ஐ. எல்லாவற்றிலும் ஒரே வட்ட எழுத்து. ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, "இந்தப் படத்தோட பேர எழுது" என்றார். தசரதன் எழுதினான். எழுத்துகள் மேலும் கீழுமாகக் கோணிக்கொண்டு நின்றன.

"இது உன் எழுத்து இல்லயே. கூட யாரு?"

"நான் மட்டும்தான் சார்."

"யாருக்காகப் போட்ட? கடைக்காரனுக்கா?"

"இல்ல சார். அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"டேய், உன்ன குண்டாஸ்ல போட்டா ஒரு வருஷம் வெளிய வர முடியாது. உன் பொண்ணு அப்பன் மூஞ்சிய மறந்துடும். ரெண்டுல ஒண்ணு சொல்லு. போடச் சொன்னது யாரு? இல்ல, எழுதுனது யாரு?"

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. தசரதன் வாயில் இரண்டு பேர்கள் இருந்தன. ஒரு பேரைப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டான். இன்னொன்றை விட்டுவிட்டான்.

"என் சம்சாரம் சார்" என்றான். "சும்மா பேர் மட்டும்தான் எய்துவா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்." கடைசிப் பகுதியை எஸ்.ஐ. காதில் வாங்கவே இல்லை.

ஆறு மணிக்கு அவளை வரவழைத்தார்கள். பள்ளிக்குக் கட்டிய அதே சேலை. தாளையும் மார்க்கரையும் கொடுத்து எழுதச் சொன்னபோது, அவள் மேஜையோரம் குனிந்து, கரும்பலகையில் எழுதுவதுபோலவே நிதானமாக எழுதினாள். பார்த்துக்கொண்டிருந்த ஏட்டு, "டீச்சராம்மா? அதான் எழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். பிறகு ஏதோ நல்ல சேதி சொல்வதைப்போல, "உன் ஊட்டுக்காரருதான் சொன்னாரு, நீதான் எழுதுனன்னு" என்றார்.

வரலட்சுமி திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான். சரியாகக் காதில் விழாததைத் திரும்பச் சொல்லச் சொல்வதுபோல ஒரு பார்வை. தசரதனுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது. சே, என்ன மனுஷன் நான் என்று உள்ளே காறித் துப்பிக்கொண்டான். அப்போதும் மற்றப் பேரைச் சொல்லவில்லை.

இரண்டு பேர்மீதும் வழக்கு எழுதினார்கள். அவளை மட்டும் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அவன் பதினோரு நாள் உள்ளே இருந்தான். ஒவ்வொரு நாளும் கம்பிக்கு அந்தப் பக்கம் கலியமூர்த்தியின் முகத்தை எதிர்பார்த்தான். கடைசியில் ஜாமீன் கொடுக்க வந்தது வரலட்சுமியின் தம்பி செல்வகுமார். திரும்பும்போது அவன் தசரதனோடு உட்காராமல் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பள்ளிக்கூட விஷயம் தெரிந்தது. பள்ளியை நடத்துகிற ராதிகா மேடம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி கொடுத்துச் சொன்னாராம். "டீச்சர், உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆனா பேரன்ட்ஸ் கேக்கறாங்க. எங்க பசங்களுக்கு எழுத்து சொல்லித்தர்ற டீச்சர ஸ்டேஷன்ல வெச்சி எழுதவெச்சாங்களாமேன்னு. நான் இன்னா பதில் சொல்லட்டும்?" வருகிற ஜூனில் அவளுக்கு ஒன்றாம் வகுப்பு தருவதாக இருந்தார்கள். அதற்காகத்தான் தபாலில் டீச்சர் டிரெய்னிங் முடித்திருந்தாள். வேலையோடு டீச்சர் பிள்ளை என்ற ஃபீஸ் சலுகையும் போனதால் பவ்யாவை ஆண்டு நடுவில் வேறு பள்ளிக்கு மாற்றினார்கள்.

இதையெல்லாம் வரலட்சுமி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், அடுத்த வீட்டுக் கதை மாதிரி. 'ஏன் என் பேரைச் சொன்னீங்க' என்று மட்டும் கேட்கவில்லை. அவள் கேட்டுவிட மாட்டாளா என்று தசரதன் தவித்தான். கேட்டால் காலில் விழுந்துவிடலாம். கேட்காதவள் முன்னால் எப்படி விழுவது?

அவன் தண்ணீர் கேன் வண்டியில் வேலைக்குச் சேர்ந்தான். அவள் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங்குக்குப் போனாள், நின்றுகொண்டே பத்து மணி நேரம். கலியமூர்த்தியின் கடை ஒரு மாதம் மூடிக் கிடந்து திரும்பத் திறந்தது. கேன் வண்டி பஜார் தெருவில் போகும்போது தசரதன் அந்தப் பக்கமே திரும்பமாட்டான். ஆனாலும் மனதுக்குள் அவருக்காக ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டே இருப்பான். 'அவருக்கும் பயம் இருக்காதா? கேஸ் நடக்கறப்ப கிட்ட வரக் கூடாதுன்னு யாராவது சொல்லியிருப்பாங்க. நேரம் வந்தா செய்வாரு.' அன்றைக்கு ஜீப் பானெட்டின் மேல் அவர் குனிந்து கையெழுத்துப் போட்டது கண்ணிலேயே நின்றது.

எட்டு மாதம் கழித்துக் கோர்ட்டில் கூப்பிட்டார்கள். வராந்தாவில் சுவரோரம் ஒரே ஒரு மரப் பெஞ்சு. அதில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இலவசச் சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் எழில், சின்ன வயசுப் பெண், நின்றபடியே குற்றப்பத்திரிகையைப் புரட்டினாள்.

"முதல் எதிரி தசரதன். ரெண்டாவது எதிரி வரலட்சுமி. கம்ப்யூட்டர் பில் உங்க பேர்ல இருக்கு, எழுத்து அம்மாவோடது. ஸ்ட்ராங்காத்தான் போட்டிருக்காங்க. சாட்சிப் பட்டியல்..." விரலை ஓட்டினாள். "முதல் சாட்சி கலியமூர்த்தி, வியாபாரி. உங்க வீட்லேர்ந்து பொருளக் கைப்பத்தினப்ப கூட இருந்து பார்த்ததா மகஜர்ல கையெழுத்துப் போட்டிருக்காரு. யாருங்க இவரு, தெரிஞ்சவரா?"

தசரதனுக்கு முதலில் விளங்கவில்லை. "நமக்காகத்தான மேடம் அவர் கையெழுத்துப் போட்டாரு?" என்று கேட்டுவிட்டான்.

வக்கீல் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எதிராங்க. உங்க வீட்ல இதெல்லாம் இருந்துச்சுன்னு சாட்சி சொல்ற கையெழுத்து."

பக்கத்திலிருந்த வரலட்சுமி மெல்லச் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து அவன் கேட்டது அதுதான் முதல்தடவை. பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அந்தாளக் காப்பாத்தத்தான் என் பேரச் சொன்னியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியதில்லை. தசரதனுக்குக் காதிலிருந்து கழுத்துவரை எரிந்தது. இன்றைக்கு அவர் வரட்டும், சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன், நாலு பேர் முன்னால் கேட்கிறேன் என்று பல்லைக் கடித்தான். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட பேரை இன்று ஜட்ஜ் முன்னால் கத்திச் சொல்லிவிடுவது என்று முடிவும் கட்டினான்.

பத்தே முக்காலுக்குக் கலியமூர்த்தி வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், அக்குளில் தோல்பை. படியேறியதில் மூச்சு வாங்க, வராந்தாவில் நின்று இடம் தேடினார். பார்வை பெஞ்சின் பக்கம் திரும்பியது.

தசரதன் எழுந்து நின்றான்.

எழுந்த பிறகுதான் எழுந்திருப்பது அவனுக்கே தெரிந்தது. தோளில் கிடந்த துண்டு கைக்கு வந்திருந்தது. "வாங்கண்ணே" என்று அவன் வாய் சொல்லிவிட்டது.

"நல்லா கீறியா தசரதா?" என்றபடி கலியமூர்த்தி அவன் விட்ட இடத்தில் உட்கார்ந்தார்.

வரலட்சுமி தன் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, வராந்தாவின் அந்தக் கோடிச் சுவரோரம் போய்த் தனியாக நின்றாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் கலியமூர்த்தி தன் தோல்பையை வைத்துக்கொண்டார்.